நுழையும் தோட்டாவும் பொருந்தும் தோட்டாவும்

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போதும், வேளிமலைக் குமாரசுவாமியும் பத்மநாபபுரம் சரஸ்வதியும் உடன் புறப்படும்போதும், தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலக் காவலர்களும் துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு மரியாதை செய்வது திருவிதாங்கூர் மன்னராட்சிக் கால மரபின் தொடர்ச்சியாகும். சாலையோரம் நின்று காண்பவருக்குக் காவலரின் தோளிலுள்ள துப்பாக்கி வெறும் துப்பாக்கியாகவே தெரியும்; அது எந்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் தோற்றத்தைக்கொண்டு பழகிய கண்ணும் பல வேளைகளில் சொல்லிவிட முடியாது. ஒரே மரக்கட்டை, ஒரே போல்ட்டு, ஏறத்தாழ ஒரே எடை என்று அமைந்த இரண்டு ரைபிள்கள் முற்றிலும் வேறான இரண்டு தோட்டாக்களைக் கேட்பவையாக இருக்கலாம் என்பதும், பெயரில் ஒத்திருக்கும் இரண்டு தோட்டாக்களில் ஒன்று துப்பாக்கியை இயக்கவும் மற்றொன்று அதைச் சிதைக்கவும் கூடும் என்பதும் ஆயுதம் பற்றிய அறிவில் முதன்மையான பாடங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிகளும், வங்கிக் காவலுக்குச் செல்லும் முன்னாள் படைவீரர்களும், தேசிய மாணவர் படையில் குறிபார்த்துச் சுடப் பழகும் கல்லூரி மாணவர்களும் உள்ள நாஞ்சில் நாட்டில் இப்பாடத்தைப் பொதுமக்களும் அறிந்திருப்பது நலம்.

தோட்டா என்று பொதுவாகச் சொல்லப்படும் பொருள் நான்கு உறுப்புகளால் ஆனது. பின்புறத்திலுள்ள சிறு மூடி போன்ற பிரைமர், அடிபட்டதும் பொறி தந்து தீ மூட்டுகிறது. உறைக்குள் இருக்கும் மருந்து அத்தீயால் எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவின் அழுத்தத்தால் முன்புறத்தில் செருகப்பட்டுள்ள குண்டு குழலின் வழியே விரைகிறது. இம்மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளை உறை, வெடிக்கும் நொடியில் சற்றே விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னோக்கிக் கசியாதபடி அடைத்துவிடுகிறது. சுடுபவரின் முகத்துக்கும் அந்த வாயுவுக்கும் இடையே நிற்பது உண்மையில் இந்த மெல்லிய பித்தளையும், அதன் பின்னால் பூட்டிக்கொள்ளும் போல்ட்டும் மட்டுமே. பித்தளைக்குத் தன்னந்தனியாக அவ்வழுத்தத்தைத் தாங்கும் வலிமை கிடையாது. அறையின் எஃகுச் சுவர் எல்லாப் பக்கமும் அதைத் தாங்கிப் பிடித்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். தோட்டாவும் அறையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுவே.

அழுத்தத்தின் அளவை எண்ணில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கார்ச் சக்கரத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 35 பவுண்டு அழுத்தத்தில் காற்று நிரப்பப்படுகிறது; .308 வின்செஸ்டர் என்னும் வேட்டைத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பு விதித்துள்ள உச்ச அளவு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, அதாவது அச்சக்கரக் காற்றைப்போல ஆயிரத்து எழுநூறு மடங்குக்கும் மேல். இந்த அழுத்தம் நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடித்தாலும், அது வெளியேறத் தவறான ஒரு வழி கிடைத்துவிட்டால் கண்ணையும் கையையும் பறித்துச் செல்ல அந்த நேரமே போதும்.

குழப்பத்தின் வேர் பெயரிடும் முறையில் இருக்கிறது. ரைபிளின் குழலுக்குள் குண்டைச் சுழலச் செய்வதற்காகச் சுருள் பள்ளங்கள் வெட்டப்படுகின்றன. பள்ளங்களுக்கு இடையே எஞ்சி நிற்கும் மேடுகளுக்கு நடுவிலுள்ள விட்டத்தைச் சிலர் அளவாகக் கொண்டார்கள், பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப்பள்ளத்தின் அடி வரையுள்ள விட்டத்தை வேறு சிலர் கொண்டார்கள். 7.62 மில்லிமீட்டர் என்பது மேட்டளவு, அங்குலத்தில் .300, அதே குழலின் பள்ளத்தளவும் குண்டின் விட்டமும் .308 அங்குலம். எனவே 7.62 என்றும் .308 என்றும் வெவ்வேறு எண்களால் அழைக்கப்படும் இரண்டின் குண்டுகள் ஒரே விட்டமுடையவை, ஆனால் 7.62 என்ற ஒரே எண்ணால் அழைக்கப்படும் பல தோட்டாக்களின் குண்டுகள் ஒரே விட்டமுடையவை அல்ல. இந்தியப் படைகளிலும் காவல் துறைகளிலுமே இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. எஸ்.எல்.ஆர். ரைபிள் சுடும் 7.62×51, ஏ.கே. வகை ரைபிள்கள் சுடும் 7.62×39, டிராகுனோவ் ரைபிள் சுடும் விளிம்புள்ள 7.62×54 ஆகிய மூன்றுமே பேச்சில் ‘செவன் சிக்ஸ் டூ’தான். பெருக்கல் குறிக்குப் பின்னுள்ள எண் உறையின் நீளத்தை மில்லிமீட்டரில் சொல்வது. அந்த எண்ணை விட்டுவிட்டுச் சொல்லப்படும் எந்தப் பெயரும் முழுப் பெயராகாது. திருச்சிராப்பள்ளியிலுள்ள துப்பாக்கித் தொழிற்சாலை தன் ஊரின் பெயரால் உருவாக்கிய டி.ஏ.ஆர். ரைபிளும் 7.62தான், எனினும் அது 39 மில்லிமீட்டர் உறைக்கானது, எஸ்.எல்.ஆரின் தோட்டாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தியாவின் சொந்த வரலாற்றில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் பிறந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலம் முதல் அங்குச் செய்யப்பட்டுவந்த லீ-என்ஃபீல்டு ரைபிள், ‘த்ரீ நாட் த்ரீ’ என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் பெயர் பெற்ற .303, உலகப் போர்கள் இரண்டிலும் பயன்பட்டு, பின்னர் காவல் நிலையங்களில் பல பத்தாண்டுகள் தங்கிவிட்ட ஆயுதம். உத்தரப் பிரதேசக் காவல் துறை அதற்கு முறையாக விடைகொடுத்ததே 2020 குடியரசு நாளில்தான். 1962இல் நிகழ்ந்த சீனப் போரையொட்டிய ஆண்டுகளில், படைகள் 7.62×51 தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, புதிய அரைத் தானியங்கி வகை ரைபிள்கள் போதிய எண்ணிக்கையில் வந்து சேரும் வரை இடைவெளியை நிரப்ப, இஷாப்பூர் பொறியாளர்கள் பழைய லீ-என்ஃபீல்டின் வடிவத்தையே வைத்துக்கொண்டு புதிய தோட்டாவுக்கான ரைபிள் ஒன்றைச் செய்தார்கள். 2ஏ என்றும், பின்னர் பார்வைக் குறிக்கருவி திருத்தப்பட்டபோது 2ஏ1 என்றும் பெயரிடப்பட்ட அது, பழைய .303 ரைபிளை வெட்டி மாற்றியமைத்தது என்று பலர் நினைப்பதுண்டு, அது தவறு. புதிய தோட்டாவின் அழுத்தம் மிகுதி என்பதால், மேம்பட்ட எஃகில் புதிதாகவே அது செய்யப்பட்டது. .303 தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு அளவிலும், 7.62×51க்கு வகுக்கப்பட்டது 60,000 பவுண்டு அளவிலும் இருப்பதை நோக்கினால், பழைய எஃகையே நம்பாமல் விட்ட அப்பொறியாளர்களின் முடிவு எவ்வளவு பொறுப்பானது என்பது விளங்கும்.

தூரத்திலிருந்து பார்த்தால் இவ்விரண்டு ரைபிள்களையும் வேறுபடுத்துவது கீழே தொங்கும் தோட்டாப் பெட்டியின் வடிவம் மட்டுமே: .303-க்குரிய பெட்டி சரிந்த அடியுடையது, இஷாப்பூர் 7.62-க்குரியது சதுரமாக நிற்பது. தோட்டாக்களோ கையில் எடுத்தவுடனே வேறுபடுபவை. .303 உறையின் அடியில் வெளியே நீண்ட விளிம்பு உண்டு, அந்த விளிம்பே அறையின் வாயில் தங்கி உறையை நிறுத்துகிறது, 7.62×51க்கு அத்தகைய விளிம்பு இல்லை, உறையின் ‘தோள்’ எனப்படும் சரிவான பகுதி அறைக்குள் முட்டி நிற்பதே அதன் நிலை. .303 உறை 56 மில்லிமீட்டர் நீளமானது, மற்றதன் பின்பகுதி அதைவிடப் பருமனானது. ஆகவே ஒன்றின் அறைக்குள் மற்றொன்று முழுமையாக அமராது. இம்முரண்பாடு ஒருவகைப் பாதுகாப்பே எனலாம். நுழையாத தோட்டாவை வலிந்து திணிக்காதவரை அதனால் கேடில்லை. உண்மையான ஆபத்து, தடையில்லாமல் நுழைந்து, போல்ட்டும் மூடிக்கொண்டு, ஆனால் அந்த அறைக்கு உரியதாக இல்லாத தோட்டாவில்தான் இருக்கிறது.

இஷாப்பூர் ரைபிளே அந்த இரண்டாவது ஆபத்துக்கும் இடம் தந்தது. படையிலிருந்து கழிக்கப்பட்ட 2ஏ1 ரைபிள்கள் அமெரிக்கச் சந்தைக்குச் சென்றபோது, அவற்றை வாங்கிய பொதுமக்கள் அங்குக் கடைகளில் எளிதாகக் கிடைத்த .308 வின்செஸ்டர் வேட்டைத் தோட்டாவை அவற்றில் இட்டுச் சுடலாமா என்ற கேள்வி எழுந்து, இன்றுவரை முடியாத விவாதமாக நீடிக்கிறது. .308 வின்செஸ்டர் 1952இல் சந்தைக்கு வந்த பொதுமக்கள் தோட்டா, 7.62×51 அதே குடும்பத்தில் பிறந்து 1950களில் நேட்டோ நாடுகள் ஏற்றுக்கொண்ட படைத் தோட்டா. இரண்டின் புற அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றே, இரண்டும் ஒன்றின் அறையில் மற்றொன்று இலகுவாக அமர்ந்துவிடும். விவாதத்தில் பெரிதும் அடிபட்டது அழுத்தம் பற்றிய எண்கள். பழைய அமெரிக்கப் படைக் கையேடுகளில் 7.62×51க்கு 50,000 என்று எழுதப்பட்டிருந்ததையும், .308க்கு 62,000 என்று எழுதப்பட்டிருந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள், பொதுமக்கள் தோட்டா படைத் தோட்டாவைவிட நான்கில் ஒரு பங்கு வலியது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் முதல் எண், வாயுவின் தாக்குதலால் ஒரு சிறு செப்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்பதைக்கொண்டு கணக்கிடும் பழைய முறையில் வந்தது. இரண்டாவது எண், அழுத்தத்தை மின்சாரத் துடிப்பாக மாற்றிக் காட்டும் நவீன உணரியால் வந்தது. இத்தகைய உயர் அழுத்தத்தைச் செப்பு முறை குறைத்தே காட்டும். நவீன முறையிலேயே இரண்டையும் அளந்தால் 7.62×51க்கு 60,000 பவுண்டை ஒட்டியும் .308க்கு 62,000 பவுண்டாகவும் அமைகின்றன. வேறுபாடு உண்டு, ஆனால் அச்சுறுத்தும் அளவில் இல்லை. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட்டவையா என்று பார்க்காததால் வளர்ந்த இந்தக் குழப்பம், தோட்டா பற்றிய செய்திகளை அரைகுறையாகப் படிப்பதன் விளைவுக்கு ஒரு சான்று.

அழுத்தத்தைவிடக் கவலைக்குரியது, அதிகம் பேசப்படாத மற்றொரு அளவு. போல்ட்டின் முகத்துக்கும் அறைக்குள் தோட்டாவின் தோள் முட்டி நிற்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். இத்தூரம் உறையின் நீளத்தைவிட மிகுந்தால், வெடிக்கும்போது உறையின் முன்பகுதி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள, பின்பகுதி போல்ட்டை நோக்கிப் பின்னே தள்ளப்பட்டு, இடைப்பகுதி நீண்டு மெலிந்து, எல்லை மீறும்போது அறுந்துபோகிறது. சேற்றிலும் மணலிலும் தடையின்றி இயங்க வேண்டிய படை ரைபிளுக்கு இத்தூரம் சற்றுத் தாராளமாகவே அனுமதிக்கப்படுகிறது: பொதுமக்களுக்கான .308 ரைபிளில் பயன்பாட்டுக்கு ஒவ்வாத எல்லை 41.61 மில்லிமீட்டர் என்றால், படைகளின் 7.62×51 ரைபிளில் அது ஏறத்தாழ 41.80 மில்லிமீட்டர். படைத் தோட்டாவின் உறை அதற்கேற்பத் தடித்த பித்தளையால் செய்யப்படுகிறது, வேட்டைத் தோட்டாவின் உறை மெல்லியது. ஆகவே தேய்ந்துபோன பழைய படை ரைபிளில் மெல்லுறைத் தோட்டாவை இடுவதுதான் கேடு; புதிய .308 ரைபிளில் தடித்த உறையுள்ள படைத் தோட்டா பெரும்பாலும் இடரின்றிச் செயல்படும். இரண்டு தோட்டாக்களில் எது வலியது என்று கேட்பதைவிட, எந்த அறை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

5.56×45 தோட்டாவில் திசை தலைகீழாகிறது. 1990களின் பிற்பகுதியில் இந்தியப் படைக்கு வந்த இன்சாஸ் ரைபிள் இத்தோட்டாவைச் சுடுவது. இதன் பொதுமக்கள் வடிவம் .223 ரெமிங்டன். அறையைத் தாண்டிக் குழலின் பள்ளங்கள் தொடங்குவதற்கு முன் குண்டு தடையின்றி நகரச் சிறிது இடைவெளி விடப்படுவதுண்டு; படை ரைபிளில் அது நீளமாகவும், வேட்டை ரைபிளில் துல்லியம் கருதிக் குறுகலாகவும் அமைகிறது. குறுகிய இடைவெளியுள்ள .223 அறையில் படைத் தோட்டாவை இட்டால், குண்டு நகரத் தொடங்கியவுடனே பள்ளங்களில் இறுகி, அழுத்தம் வகுத்த எல்லையைத் தாண்டி உயரக்கூடும். எனவே 5.56 எனப் பொறிக்கப்பட்ட ரைபிளில் .223 தோட்டாவைச் சுடலாம், .223 என மட்டும் பொறிக்கப்பட்டதில் 5.56 தோட்டாவைச் சுடுவது தகாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. விட்டம் ஒன்றாயிருப்பது வலிமை ஒன்றாயிருப்பதற்கு உறுதியாகாது என்பதற்கு, தேசிய மாணவர் படையினர் பழகும் .22 ரைபிளின் சின்னஞ்சிறு தோட்டாவையே காட்டலாம்: அதன் குண்டும் இன்சாஸ் குண்டும் ஏறத்தாழ ஒரே பருமன், ஆனால் படைத் தோட்டாவின் ஆற்றல் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

நுழைந்து ஏமாற்றும் தோட்டாக்களின் பட்டியல் நீளமானது, அவற்றுள் சிலவற்றை மட்டும் இங்குச் சுட்டுவது போதும். .30-06 ரைபிளின் நீண்ட அறையில் .308 தோட்டா தளர்வாக அமர்ந்துவிடும். வெடித்தால் ஆதரவற்ற உறை உப்பிப் பிளக்கும். 51 மில்லிமீட்டர் அறையில் 39 மில்லிமீட்டர்த் தோட்டாவை இட்டாலும் நிலை அதுவே. .300 பிளாக்அவுட் என்னும் புதிய அமெரிக்கத் தோட்டா, .223 உறையைக் குறுக்கி அதில் பெரிய குண்டைச் செருகிச் செய்யப்பட்டது என்பதால் 5.56 ரைபிளின் தோட்டாப் பெட்டிக்குள் சிக்கலின்றி நுழைகிறது, சில குண்டு வடிவங்களில் போல்ட்டும் மூடிக்கொள்கிறது, 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர்க் குழலுக்குள் செல்ல வழியின்றி நிற்க, ரைபிள் வெடித்துச் சிதறிய நிகழ்வுகள் பல. செருமனியின் 8×57 தோட்டாவிலோ பெயரின் இறுதியிலுள்ள ஒரேயொரு எழுத்து இருவேறு குண்டுகளைப் பிரிக்கிறது: 1888ஆம் ஆண்டு முறைக்குரிய குண்டின் விட்டம் 8.09 மில்லிமீட்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதிய முறைக்குரியது 8.22 மில்லிமீட்டர், பழைய குழலில் புதிய குண்டு நுழையும், பிறகு இறுகும்.

இந்தியச் சட்டமோ தோட்டாப் பொருத்தத்தை வேறொரு கோணத்தில் நெடுங்காலமாகவே கருதிவந்திருக்கிறது. படையின் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் அமர்ந்துவிடக் கூடாது என்பது பிரிட்டிஷ் ஆட்சியாளரின் நிலையான அச்சம். மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களின் .450 தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று கருதி, 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவுள்ள வேட்டை ரைபிள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. யானை வேட்டைக்கு அதையே நம்பியிருந்த இலண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470 எனப் புதிய தோட்டாக்களை உருவாக்கின. உலக வேட்டைத் தோட்டாக்களின் வரலாற்றில் அழியாத இடம் பெற்ற அவற்றின் பிறப்புக்குக் காரணம் பொறியியல் தேவை அன்று, இந்தியாவுக்காகப் போடப்பட்ட ஓர் ஆணை. .303-க்கும் இதே தடை இருந்ததால், ஆஸ்திரியப் படையின் பழைய 8×50 மான்லிகர் தோட்டா .315 என்னும் பெயரில் இந்தியப் பொதுமக்களின் ரைபிள் தோட்டாவாயிற்று. இன்றும் அரசுத் தொழிற்சாலைகள் அதையே செய்கின்றன. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1962ஆம் ஆண்டின் விதிகளும் இக்கருத்தைத் தொடர்ந்தன: .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் ரைபிள்களோடு, அந்தப் படைத் தோட்டாக்களை ஏற்றுச் சுடக்கூடிய வேறு எந்த அளவுள்ள ரைபிளும் தடை செய்யப்பட்ட வகையில் வைக்கப்பட்டது. எண்ணைப் பாராமல் அறையைப் பார்த்த இந்தச் சொல்லாட்சி, சட்டம் எழுதியவர்கள் துப்பாக்கியை நன்கு அறிந்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. எனினும் சட்டம் கவலைப்பட்டது தோட்டா நுழையுமா என்பதற்கு. உரிமையாளர் கவலைப்பட வேண்டியது நுழைவதெல்லாம் உரியதா என்பதற்கு.

நாஞ்சில் நாட்டில் உரிமம் பெற்றோரிடம் ரைபிளைவிட அதிகம் காணப்படுவது 12 போர் துப்பாக்கி. வங்கி வாசலில் நிற்கும் காவலரின் கையிலுள்ள இரட்டைக்குழல் பெரும்பாலும் அதுவே. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் இன்று பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்பது குற்றம் என்பதால், இத்துப்பாக்கிகள் காவலுக்கும் பயிர்ப் பாதுகாப்புக்குமே எஞ்சியுள்ளன. 12 போர் என்னும் எண்ணின் பொருள் விந்தையானது: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுவே அக்குழலின் துளை, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எனவே எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும்; 20 போரின் துளை 15.6 மில்லிமீட்டரே. தோட்டாப் பொருத்தம் பற்றிய விபத்துகளில் மிகக் கொடியது இங்கேதான் நேர்கிறது. 20 போர் தோட்டா ஒன்று தவறுதலாக 12 போர் குழலில் இடப்பட்டால், அது அறையைக் கடந்து முன்னே வழுக்கிச் சென்று, துளை குறுகும் இடத்தில் விளிம்பு தட்டி நின்றுவிடும். பின்னால் திறந்து பார்ப்பவருக்கு அறை வெறுமையாகத் தோன்றும். விசை அழுத்தியும் சுடவில்லையே என்று அவர் சரியான 12 போர் தோட்டாவை அதன் பின்னால் இட்டுச் சுட்டால், முன்னால் அடைத்து நிற்கும் தோட்டாவின் மீது முழு வேகத்தில் சிதறல் மோத, குழல் இடது கை பிடித்திருக்கும் இடத்திலேயே வெடித்துவிடும். உலகெங்கும் 20 போர் தோட்டாவின் உறைக்கு மஞ்சள் நிறம் தரும் வழக்கம் ஏற்பட்டது இவ்விபத்தைத் தவிர்ப்பதற்காகவே. இரு அளவுத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைத்திருப்பது மன்னிக்க முடியாத கவனக்குறைவு.

தலைமுறை கடந்து வந்த பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் வேறோர் ஆபத்து மறைந்திருக்கிறது. இரும்பையும் எஃகையும் முறுக்கிக் கயிறுபோலச் சுற்றி உருவாக்கிய, மேலே அலையலையாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் குழல்கள், கருமருந்தின் மென்மையான அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டா அதில் நுழைந்தாலும், அக்குழல் அதன் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. கருமருந்துக் காலத்தின் கணக்கே வேறு. சுசீந்திரத்துக்கு வடமேற்கே புலியூர்க்குறிச்சியை ஒட்டியுள்ள உதயகிரிக் கோட்டையில், 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியான டிலனாய் பீரங்கி வார்ப்படச் சாலை அமைத்த காலத்தில், குழலின் வாய்வழியே உருட்டிவிடப்படும் குண்டு எப்போதும் துளையைவிடச் சற்றுச் சிறிதாகவே செய்யப்பட்டது. வார்ப்பின் ஏற்றத்தாழ்வையும் குழலில் படியும் கரியையும் அந்த இடைவெளி பொறுத்துக்கொண்டது. அந்தப் பொறுமை இன்றைய தோட்டாவுக்குக் கிடையாது.

கைத்துப்பாக்கி வைத்திருப்போருக்கும் ஒரு குறிப்பு அவசியம். இந்தியாவில் உரிமம் பெற்றோரிடம் மிகுதியாக உள்ள .32 ரிவால்வரும், அதே .32 எண்ணுடைய பிஸ்டலும் ஒரே தோட்டாவுக்கானவை அல்ல. பிஸ்டல் தோட்டா குறுகியது, ஆனாலும் ரிவால்வரின் அறையில் அமர்ந்துவிடும். அதன் உச்ச அழுத்தம் 20,500 பவுண்டு, ரிவால்வர்த் தோட்டாவுக்கு வகுத்ததோ 15,000 பவுண்டு. கடையில் ‘பாயிண்ட் 32’ என்று மட்டும் கேட்டு வாங்குவது போதாது.

உரிமமில்லாத கள்ளத் துப்பாக்கிகளைப் பற்றிப் பொருத்தம் என்ற சொல்லையே பயன்படுத்த இயலாது. வட இந்தியாவில் கட்டா எனப்படும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் .315 அல்லது 12 போர் தோட்டாவுக்காகச் செய்யப்படுவதன் காரணம், அத்தோட்டாக்கள் சந்தையில் கிடைப்பதே. அழுத்தம் அறியாத குழாய்த் துண்டில், அளவெடுக்காத அறையில் சுடப்படும் அத்தோட்டா யாரைக் கொல்லும் என்பது அதை ஏந்தியவருக்கும் தெரியாது. தமிழகத்தின் மலைப்பகுதிகளில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகளில் மருந்தின் அளவும் இரும்பின் தரமும் கைப்போக்கில் முடிவாகின்றன. அவற்றை அவ்வப்போது காவல் துறை ஒப்படைக்கச் சொல்வது, பிறரின் உயிரோடு வைத்திருப்பவரின் உயிரையும் எண்ணித்தான்.

சரியான தோட்டாவும் சரியான துப்பாக்கியும் சேர்ந்துவிட்டாலும் கடமை முடிவதில்லை. விசை அழுத்தியும் வெடிக்காத தோட்டா சில வேளை தாமதித்து வெடிக்கும். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். வழக்கத்தைவிட மெலிதான ஓசையோடு வெடித்தால் குண்டு குழலின் நடுவில் தங்கியிருக்கக்கூடும். துப்பாக்கியை வெறுமையாக்கிக் குழலை உறுதியாகச் சோதிக்காமல் அடுத்த தோட்டாவை இடுவது குழலைப் பிளப்பதற்கு வழி. குண்டு இலக்கோடு நின்றுவிடுவதில்லை என்பதைத் தமிழகம் மிகுந்த துயரத்தோடு கற்றது: 2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகிலுள்ள சுடுபயிற்சித் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி மேற்கொண்டிருந்தபோது, அங்கிருந்து வெகு தொலைவில் தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது, சில நாட்களில் அச்சிறுவன் இறந்தான். அத்தளம் மூடப்பட்டது. இலக்குக்குப் பின்னால் குண்டை நிறுத்துவது எது என்று அறியாமல் சுடும் எவரும் சுடுவதற்குத் தகுதியற்றவர். திருமணத்திலும் வெற்றிக் கொண்டாட்டத்திலும் வானை நோக்கிச் சுடுவதை 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாக்கியிருப்பது மிகவும் முறையானது. மேலே சென்ற குண்டு எங்கேனும் கீழே வந்தே தீரும்.

தோட்டாவை அடையாளம் காணும் வழி எளியது. குழலின் மேல் அல்லது அறையின் பக்கத்தில் பொறிக்கப்பட்ட பெயரும், தோட்டாவின் அடிப்பகுதியிலும் அது விற்கப்படும் அட்டைப்பெட்டியிலும் உள்ள பெயரும் எண்ணும் எழுத்தும் ஒன்றுவிடாமல் ஒத்திருக்க வேண்டும். ஒரு புள்ளியோ ஓர் எழுத்தோ வேறுபட்டாலும் அது வேறு தோட்டா என்றே கொள்ள வேண்டும். அடிப்பொறிப்பு அழிந்த தோட்டா, நிறம் மாறிய தோட்டா, எங்கோ கிடந்து எடுத்த தோட்டா ஆகியவற்றைச் சுட்டுப் பார்ப்பதும் உடைத்துப் பார்ப்பதும் கூடாது, காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் நடைமுறை நாஞ்சில் நாட்டாருக்குப் பழக்கமானது. திரும்பப் பெறும் நாளில், எண்ணைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், குழலுக்குள் ஒளி பாய்ச்சி அடைப்பு ஏதும் இல்லை என்று பார்த்துக்கொள்வதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா மற்றொரு பூட்டிலும் இருக்க வேண்டும், இரண்டின் சாவியும் சிறுவர் கைக்கு எட்டக் கூடாது.

தந்தையிடமிருந்தோ பாட்டனாரிடமிருந்தோ வந்த துப்பாக்கிக்குத் தம் பெயரில் உரிமம் மாற்றிக்கொண்டவர்கள், அத்துடன் கிடைத்த பழைய தோட்டாக்களை நம்பி அதை ஒருபோதும் சுட்டுப் பார்க்க வேண்டாம். உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் அல்லது பழுது நீக்குநரிடம் அதைக் கொண்டுசென்று, அறையின் நீளத்தையும் குழலின் நிலையையும் அளந்து, அதற்குரிய தோட்டாவின் முழுப் பெயரை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்; அந்த எழுத்து கைக்கு வரும் வரை அத்துப்பாக்கியில் எந்தத் தோட்டாவையும் இடாதீர்கள்.